கிளட்ச் போச்சு என்று சொல்லிவிட்டார்களா? பாண்டி, கடலூர் வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது கையால் பிடிக்கும் கிளட்ச் உள்ள கியர் வண்டிகளுக்கானது. ஸ்பிளெண்டர், பல்சர், அப்பாச்சி, எஃப்இசட், புல்லட் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். "பிளேட் போச்சு, இறக்கணும்" என்று யாராவது சொன்னவுடன் சரி என்று தலையாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பிளேட் உண்மையிலேயே தேய்ந்த வண்டிகள் உண்டுதான், ஆனால் கேபிள் இறுக்கம், துருப்பிடித்த கேபிள், தப்பான ஆயில் இந்த மூன்றையும் பார்க்காமல் என்ஜின் கவரைக் கழற்றுவது வீண் செலவு.

கிளட்ச் உள்ளே என்னதான் நடக்கிறது?

என்ஜின் சுற்றினால் கிளட்ச் ஹவுசிங் சுற்றும். அதன் பள்ளங்களில் உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்கள் உட்கார்ந்திருக்கும், அவற்றுக்கு நடுவே ஒன்றுவிட்டு ஒன்றாக வெறும் ஸ்டீல் பிளேட்கள். ஸ்டீல் பிளேட்களின் பற்கள் நடுவில் உள்ள ஹப்பில் மாட்டியிருக்கும், ஹப் கியர்பாக்ஸோடு சேர்ந்தது. ஸ்பிரிங்குகள் இந்த மொத்த அடுக்கையும் அழுத்திப் பிடித்திருப்பதால்தான் என்ஜின் சக்தி சக்கரத்துக்குப் போகிறது. நீங்கள் லீவரைப் பிடித்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் விலகி, பிளேட்கள் ஒன்றையொன்று விட்டுவிடும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் இதெல்லாம் என்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி நடக்கிறது. அதனால்தான் ஆயில் பற்றிக் கீழே அவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

ஆக, கிளட்ச் கெடுவதற்கு இரண்டே வழி. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்கும், இல்லையென்றால் விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுக்கும். உங்கள் வண்டிக்கு இதில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். வழுக்குகிற வண்டியில் கேபிளை இன்னும் இறுக்கினால் நிலைமை மோசமாகும்.

வழுக்குகிறதா இழுக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வழுக்குகிற வண்டியில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. பாண்டி சமதளம் என்பதால் ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாமலேயே போய்விடும். பின்னால் ஆளை உட்கார வைத்துக்கொண்டு அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள், கடலூர்க்காரர்கள் கேப்பர் மலை ஏற்றத்தில் பார்க்கலாம். டாப் கியரில் சுமார் 40 கி.மீ. வேகத்தில் இருந்து ஒரேயடியாக முறுக்கும்போது என்ஜின் சுற்று (ஆர்பிஎம்) மட்டும் தாவி, ஸ்பீடாமீட்டர் முள் பின்னாலேயே தங்கினால் வழுக்கல்தான். எரிந்த வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். மைலேஜ் குறைவதும் இதன் அறிகுறிதான், ஆனால் மைலேஜ் குறைய நூறு காரணம் உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இழுக்கிற வண்டி வேறு மாதிரி. லீவரை முழுக்கப் பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டால் வண்டி தானாக முன்னால் நகரும், சிக்னலில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும், நியூட்ரல் விழாது, கியர் மாறும்போது 'கடக்' என்று இடிக்கும்.

லீவரில் எவ்வளவு பிளே இருக்க வேண்டும்?

லீவரைப் பிடிக்கத் தொடங்கும்போது கேபிள் இறுகுவதற்கு முன்னால் சும்மா ஆடும் தூரம்தான் பிளே. நம் ஊர் வண்டிகள் பலவற்றில் லீவரின் நுனியில் அளந்தால் 10 முதல் 20 மி.மீ. வரை என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். சில கம்பெனிகள் லீவர் அதன் தாங்கியோடு சேரும் இடத்தில் உள்ள இடைவெளியாக 2-3 மி.மீ. என்று சொல்வார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே விஷயம்தான், அளக்கும் இடம்தான் வேறு. இது தெரியாமல் நுனியிலேயே 2 மி.மீ. வைத்துவிட்டு, கொஞ்ச நாளில் பிளேட் கருகிப்போய் வருகிறவர்கள் உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

பிளே சுத்தமாக இல்லையென்றால் லீவரை நீங்கள் தொடாதபோதும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் பிடித்தபடியே இருக்கும், அது வழுக்கும். பிளே அதிகமானால் லீவரை முழுக்கப் பிடித்தாலும் பிளேட்கள் முழுதாக விலகாது, வண்டி இழுக்கும்.

அட்ஜஸ்ட் செய்வது எப்படி? மெக்கானிக்கிடம் போகாமல் முடியுமா?

தாராளமாக முடியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், பெரும்பாலும் 10, 12 நம்பர் ஸ்பேனர்களே வேலையை முடித்துவிடும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், என்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். ஓடி வந்த சூட்டில் அளவு கொஞ்சம் மாறித்தான் இருக்கும், அப்போது வைத்த பிளே மறுநாள் காலையில் அதே அளவில் நிற்காது.

கேபிளுக்கு இரண்டு இடத்தில் அட்ஜஸ்டர் இருக்கும். ஒன்று ஹேண்டில்பாரில், லீவர் பக்கத்தில் ரப்பர் உறைக்குள். இன்னொன்று கீழே, கேபிள் என்ஜினில் போய்ச் சேரும் இடத்தில் இரண்டு நட்டுகளோடு. பலரும் மேலே உள்ளதை மட்டுமே திருப்பித் திருப்பி, அது மரை எல்லாம் வெளியே தெரியும் அளவுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நிற்கும் அட்ஜஸ்டர் ஒரு நாள் வண்டி சாயும்போது பட்டென்று உடையும், தாங்கியோடு சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

அதனால் முதலில் மேல் அட்ஜஸ்டரின் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்ளே முழுக்க விட்டு, ஒன்றிரண்டு சுற்று மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். அடுத்து கீழே போய், அங்கே உள்ள இரண்டு நட்டுகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றைத் திருப்பி, லீவரில் ஏறக்குறைய சரியான பிளே வரும்வரை கொண்டுவாருங்கள். கேபிளின் வெளி உறை தாங்கியிலிருந்து வெளிப்பக்கம் தள்ளி நிற்க நிற்க உள் கம்பி இறுகும், பிளே குறையும். உள்பக்கம் போனால் பிளே கூடும். மேலேயும் இதே கணக்குதான். கீழே இரண்டு நட்டையும் ஒன்றோடொன்று இறுக்கிவிட்டு, மேலே வந்து கால் சுற்று, அரைச் சுற்று என்று நுணுக்கமாக வைத்து லாக் நட்டை இறுக்குங்கள். மேல் அட்ஜஸ்டரில் கேபிளை நுழைக்க ஒரு வெட்டு இருக்கும், லீவர் தாங்கியிலும் இருக்கும். இரண்டு வெட்டும் ஒரே நேரில் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், நின்றால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும், கேபிளும் நழுவி வெளியே வரலாம்.

முடிந்ததும் ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் பிளே காணாமல் போனால் கேபிள் எங்கேயோ மாட்டியிருக்கிறது, அல்லது யாரோ மாற்றும்போது தப்பான வழியில் விட்டிருக்கிறார்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டுப் பாருங்கள். வண்டி முன்னால் உந்தக் கூடாது. லீவரை மெதுவாக விடும்போது நடுவாக்கில் எங்கேயோ பிடிக்க வேண்டும். விடத் தொடங்கியதுமே பிடித்தால் பிளே அதிகம், கடைசி நூலளவில் பிடித்தால் பிளே குறைவு.

சில வண்டிகளில் கேபிளைத் தவிர கிளட்ச் கவரிலேயே ஒரு ஸ்குரூ அட்ஜஸ்ட்மென்ட்டும் இருக்கும், பழைய மாடல்களில் இது சகஜம். அப்படி இருந்தால் அதைத்தான் முதலில் வைக்க வேண்டும், கேபிள் அதற்குப் பிறகுதான்.

அட்ஜஸ்ட் செய்து சில வாரத்திலேயே மாறிவிடுகிறது, ஏன்?

எந்தப் பக்கம் மாறுகிறது என்று பாருங்கள், அதிலேயே பாதி பதில் இருக்கிறது. கேபிள் நீண்டால் பிளே கூடும். பிளேட் தேய்ந்தால் பிளே குறையும். தேய்ந்தால் தளரத்தானே வேண்டும் என்று கேட்பார்கள், ஆனால் அடுக்கின் கனம் குறையும்போது ஸ்பிரிங்கோடு சேர்ந்து அடுக்கை அழுத்தும் பிரஷர் பிளேட் உள்ளே இறங்கி, அதைத் தள்ளும் தள்ளுகம்பியும், என்ஜின் முனையில் கேபிள் மாட்டியிருக்கும் லீவர் கையும் கேபிளை இழுத்துப் பிடிக்கும் திசைக்கு வந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு முறையும் பிளே குறைந்து குறைந்து வந்து, நீங்கள் கேபிளைத் தளர்த்திக்கொண்டே இருந்தால், உள்ளே பிளேட் கரைகிறது என்று அர்த்தம். மாறாக இறுக்கிக்கொண்டே இருந்தால், கேபிளின் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். புதுக் கேபிள் மட்டும் விதிவிலக்கு, மாட்டிய சில நாளில் கொஞ்சம் நீளும், ஒரு தடவை இறுக்கினால் நின்றுவிடும்.

எனக்கு மட்டும் ஏன் கேபிள் சீக்கிரம் போகிறது?

உங்களுக்கு மட்டுமில்லை, கடற்கரையோரம் வண்டியை நிறுத்துகிற எல்லாருக்கும் இதே கதைதான். குருசுக்குப்பம், வம்பாகீரப்பாளையம், தேங்காய்த்திட்டு, இந்தப் பக்கம் கடலூர் தேவனாம்பட்டினம், முதுநகர் என்று உப்புக்காற்று படும் இடங்களில் கேபிள் உள்ளே துருப்பிடிக்கும். மேல் முனை ரப்பர் உறை கிழிந்திருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அந்த வழியாக உள்ளே இறங்கும்.

லீவரைப் பிடிக்கும்போது மணல் உரசுகிற மாதிரி நறநறவென்று தெரிந்தாலோ, விட்டால் மெதுவாகத் திரும்பினாலோ எண்ணெய் விட வேண்டிய நேரம். மேல் முனையைக் கழற்றி நேராக நிமிர்த்தி, அதன் வாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரைப் புனல் மாதிரி சுற்றிக் கட்டி, மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உள் கம்பியை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தால் கீழ் முனையில் கறுப்பாகத் தண்ணீர் மாதிரி வடியும். தெளிவாக வரும்வரை விடுங்கள். கெட்டியான கிரீஸை உள்ளே திணிக்க வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு அடைத்துவிடும். கிரீஸ் வைக்க வேண்டிய இடம் லீவர் போல்ட்டும், கேபிள் முனையில் உள்ள உலோகக் குண்டும்தான். அந்தக் குண்டு லீவருக்குள் லேசாகச் சுழல வேண்டும். சுழலாமல் இறுகிவிட்டால் கம்பி ஒவ்வொரு பிடிக்கும் அதே இடத்தில் மடங்கி மடங்கி அறுகிறது. கேபிள் அறுவது பெரும்பாலும் அங்கேதான், நடுவில் இல்லை. அதனால் மாதம் ஒருமுறை ரப்பரைத் தள்ளி அந்த இடத்தை மட்டும் பாருங்கள், ஓர் இழை தெறித்து நின்றாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள், அதற்கு வைத்தியம் பார்க்கத் தேவையில்லை.

கேபிள் நடுவழியில் அறுந்துவிட்டது, வீடு போய்ச் சேர முடியுமா?

கூட்டம் இல்லாத சாலை என்றால் முடியும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே நடை வேகம் வந்ததும் ஏறி உட்கார்ந்து முதல் கியரை அழுத்துங்கள், ஒரு குலுக்கலோடு கிளம்பும். மேல் கியருக்குப் போக ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டு அந்த நொடியிலேயே கியரை மாற்றினால் சத்தமில்லாமல் விழும். கீழ் கியருக்கு இறங்கும்போதுதான் சிரமம், வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு மாற்றுங்கள். நிற்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இதை கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் பக்கத்து நேர் சாலையில் செய்யலாம். ராஜீவ் காந்தி சதுக்கத்திலோ நேரு வீதியிலோ முயற்சி செய்யாதீர்கள், அங்கெல்லாம் தள்ளிக்கொண்டு போவதே உத்தமம். நீண்ட பயணம் அடிக்கடி போகிறவர்கள் புதுக் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு ஒட்டி அதே வழியில் ஓடவிட்டு, முனைகளை டேப் சுற்றி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அறுந்தால் சாலையோரத்திலேயே மாட்டிவிட்டுக் கிளம்பலாம்.

ஆயில் மாற்றியதிலிருந்து வழுக்குகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நேரடிச் சம்பந்தம். டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கான ஜப்பானியத் தர அளவு. எம்பி என்று போட்டிருந்தால் அது ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர்களுக்கானது, உராய்வைக் குறைக்கும் சரக்கு அதில் அதிகம். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை என்பதால் அங்கே பிரச்சினை இல்லை, பைக்கில் ஊற்றினால் பிளேட் வழுக்கும். கார் ஆயில்களிலும் எரிபொருள் சிக்கனத்துக்காக இப்படிப்பட்ட சரக்கு சேர்ப்பது உண்டு, வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று காரின் ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள். என்ஜின் வழுவழுவென்று ஓடும் என்று தனியாக விற்கிற சின்னப் பாட்டில் திரவங்களும் அதே ரகம், அவற்றை வாங்கும் காசுக்கு ஒரு ஆயில் ஃபில்டர் வாங்கலாம்.

10டபிள்யூ30, 20டபிள்யூ40, 15டபிள்யூ50 என்று போடுவது ஆயிலின் கெட்டித்தன்மை. நம் வெயிலுக்குக் கெட்டியானதுதான் நல்லது என்று சொல்லி 10டபிள்யூ30 கேட்கும் வண்டியில் 20டபிள்யூ50 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி நம் நாட்டு வெயிலை மனதில் வைத்துத்தான் கையேட்டை எழுதியிருக்கிறது. கெட்டி ஆயிலில் பிளேட்கள் காலையில் லேசில் பிரியாது. ஆயில் அளவுக்கு மேல் போனாலும் கிளட்ச் இழுக்கும், அதனால் "ஒரு லிட்டர் டப்பா முழுக்க ஊத்திடுங்க" என்று சொல்வதற்கு முன் உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

தப்பான ஆயில் போட்டுவிட்டால் முதல் வேலை அதை வடித்துச் சரியானதை ஊற்றுவது. ஓடியது கொஞ்ச தூரம்தான் என்றால் பிளேட் பெரும்பாலும் தேறிவிடும். நாள்கணக்கில் வழுக்கியபடியே ஓட்டியிருந்தால் பிளேட் மேல் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறியிருக்கும், அப்போது ஆயில் மட்டும் போதாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி, கிளட்சுக்கு என்ன ஆகும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வண்டிகள் தண்ணீரில் நின்றன. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர், கடலூர் பக்கத்தை நனைத்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரக்கூடிய கேள்வி.

தண்ணீர் என்ஜின் உயரத்துக்கு ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, கிக்கரும் அடிக்க வேண்டாம். ஆயில் பார்க்கும் கண்ணாடியிலோ குச்சியிலோ பாருங்கள், பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றிப் புது ஆயில் ஊற்றி, சிலிண்டரிலும் ஏர் ஃபில்டரிலும் தண்ணீர் இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதையும் வடித்து இன்னொரு முறை ஊற்றினால்தான் மிச்ச ஈரம் வெளியே வரும். விலை மலிவான ஆயிலை முதல் தடவைக்குப் பயன்படுத்துங்கள், ஆனால் அதுவும் எம்ஏ தரமாக இருக்கட்டும்.

தண்ணீர் கலந்த ஆயிலோடு ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் ஸ்டீல் பிளேட்களில் துரு ஏறும், உராய்வுப் பிளேட்களில் ஒட்டியிருக்கும் பொருள் ஊறி உரியவும் செய்யும். அதனால் மெக்கானிக் கிடைக்கவில்லையே என்று காத்திருக்காமல், ஆயிலையாவது அன்றைக்கே வடித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கேட்கப் போகிறீர்கள் என்றால் கைவைப்பதற்கு முன் போட்டோ எடுத்துவையுங்கள்.

சிக்னலில் நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது.

இழுக்கிற கிளட்சின் முதல் அறிகுறியே இதுதான். முதலில் பிளே, பிறகு கேபிள். இரண்டும் சரியாக இருந்தால் ஆயில் எவ்வளவு பழசு என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால்தான் உள்ளே சந்தேகப்பட வேண்டும்: கோணிய ஸ்டீல் பிளேட், அல்லது ஹவுசிங் விரல்களில் (பள்ளங்களுக்கு நடுவே நீட்டி நிற்கும் சுவர்களில்) விழுந்த தடங்கள். இஞ்சின் நிறுத்தியிருக்கும்போதும் நியூட்ரல் சிரமமாக விழுந்தால் அது கிளட்ச் இல்லை, கியர் பக்கம்.

தற்காலிகமாக, நிற்பதற்கு முன்னால் வண்டி இன்னும் உருளும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். இந்திரா காந்தி சிக்னலில் நின்ற பிறகு காலால் மேலும் கீழும் உதைத்துக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கும் பஸ்காரர் சும்மா இருக்க மாட்டார்.

காலையில் முதல் கியர் போட்டால் 'டக்' என்று இடிக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இரவெல்லாம் நின்ற பிளேட்கள் ஆறிய ஆயிலில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், முதல் தடவை அப்படித்தான் இடிக்கும். ஓடிச் சூடான பிறகும் இடித்தால்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாடு போய் வந்தேன், மாசக்கணக்கில் நின்ற வண்டியில் கியரில் போட்டு லீவரைப் பிடித்தாலும் சக்கரம் சுற்றவில்லை.

பிளேட்கள் ஒட்டிப்போயிருக்கின்றன. என்ஜினை நிறுத்தி, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் போட்டு, லீவரை முழுக்கப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டித் தள்ளுங்கள். பல தடவை இதிலேயே விட்டுவிடும். விடவில்லையென்றால் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து என்ஜின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு மறுபடி ஆட்டுங்கள், சூட்டில் ஆயில் இளகியிருக்கும். ஓடும் என்ஜினில் கியரைத் திடீரென்று போட்டு உடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வண்டி பாய்ந்துவிடும். இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் கவரைத் திறந்து பிளேட்களைக் கையால் பிரிக்க வேண்டியதுதான்.

பிளேட் உண்மையிலேயே மாற்ற வேண்டும் என்று எப்போது முடிவு செய்வது?

பிளே சரி, ஆயில் சரி, கேபிளை என்ஜின் முனையில் கழற்றிவிட்டால்கூட வழுக்குகிறது. கடைசிச் சோதனை முக்கியமானது. கேபிளே மாட்டாதபோது ஸ்பிரிங் முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டுதான் இருக்கும், அப்போதும் வழுக்கினால் கோளாறு உள்ளேதான். நின்ற இடத்திலேயே இதைப் பார்க்கலாம்: கேபிளைக் கழற்றி, என்ஜினை நிறுத்தி, டாப் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். கிக்கர் இறங்கினால் உள்ளே வழுக்குகிறது. எல்லா வண்டியிலும் கிக்கர் இந்த வழியில் இணைந்திருக்காது, கிக்கரே இல்லாத வண்டியும் இப்போது நிறைய. அப்படியென்றால் மேம்பாலச் சோதனையையே நம்புங்கள்.

திறந்துவிட்டார்களென்றால் பக்கத்தில் நின்று பாருங்கள். உராய்வுப் பிளேட்டின் கனத்தை வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள், புதியது பல வண்டிகளில் 3 மி.மீ. அளவில் இருக்கும், எவ்வளவுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் தனி. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தில் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்தால் கோணல் தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்டிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேய்த்துத் திரும்பப் போடச் சம்மதிக்காதீர்கள். ஸ்பிரிங்கின் நீளமும் அளக்க வேண்டியதுதான், தளர்ந்த ஸ்பிரிங் புதுப் பிளேட்டையும் வழுக்க விடும். ஹவுசிங் விரல்களில் பிளேட் இடித்து இடித்துப் படி மாதிரி தடம் விழுந்திருக்கும், லேசானால் அரத்தால் சமன் செய்யலாம், ஆழமானால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். இதைப் பார்க்காமல் பிளேட் மட்டும் மாற்றிய வண்டிதான் "புது பிளேட் போட்டும் இழுக்குதே" என்று திரும்பி வரும்.

பிளேட்டை நானே மாற்றலாமா?

பொறுமை இருந்தால் மாற்றலாம். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் வலது பக்கம், பழைய புல்லட்டில் இடது பக்கம். வலது பக்கக் கிளட்ச் உள்ள பல வண்டிகளை சைடு ஸ்டாண்டில் நன்றாகச் சாய்த்து நிறுத்தினால் ஆயிலை முழுக்க வடிக்காமலேயே கவரைத் திறக்கலாம், ஆனால் பிளேட் கருகியிருந்தால் ஆயிலில் தூள் கலந்திருக்கும், எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

புது உராய்வுப் பிளேட்களை எம்ஏ ஆயிலில் சில மணி நேரம், முடிந்தால் இரவெல்லாம் ஊறவைத்த பிறகுதான் மாட்ட வேண்டும். காய்ந்த பிளேட்டை மாட்டி ஓட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். கழற்றும்போது ஒவ்வொன்றையும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே அடுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சில வண்டிகளில் கடைசிப் பிளேட் மட்டும் வேறு பள்ளத்தில் உட்காரும். ஸ்பிரிங் போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரேயடியாக ஒரு போல்ட்டை முறுக்கினால் அது மாட்டியிருக்கும் அலுமினியத் தூண் உடையும், அதற்கப்புறம் ஹப் வாங்க வேண்டும். கவரின் பேக்கிங்கைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே பேஸ்ட் தடவி ஒட்டினால் இரண்டு நாளில் காலுக்குப் பக்கத்தில் ஆயில் கசியும்.

பிளேட் வாங்கும்போது உராய்வுப் பிளேட், ஸ்டீல் பிளேட், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த செட்டாகவே வாங்குவது நல்லது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

லீவரைப் பிடித்தால் சத்தம், விட்டால் சத்தமில்லை. அல்லது நேர் எதிர். எது ஆபத்து?

பிடித்தால் மட்டும் சத்தம் என்றால் தள்ளுகம்பிப் பக்கத்து பேரிங்கைப் பாருங்கள். விட்டபோது நியூட்ரலில் லொட லொடவென்று வந்து, பிடித்ததும் அடங்கினால் ஹவுசிங்கின் பின்னால் உள்ள ரப்பர் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இரண்டுமே உடனே நடுத்தெருவில் நிறுத்தாது, ஆனால் தள்ளிப்போட்டால் செலவு கூடும்.

வண்டி கிளம்பும்போது குலுங்குகிறது, கிளட்ச்தானே?

பல தடவை இல்லை. முதலில் செயின் தளர்ச்சியைப் பாருங்கள், அடுத்து பின் சக்கர டிரம்முக்குள் இருக்கும் ரப்பர்கள். அவை நசுங்கிப்போனால் ஆக்சிலரேட்டரை விடும்போதும் கொடுக்கும்போதும் இடிக்கும், அந்தப் பழி கிளட்ச் மேல் விழும். இவை சரியாக இருந்து, லீவரை மெதுவாக விடும்போது மட்டும் நடுக்கம் வந்தால்தான் கிளட்சுக்கு வாருங்கள்.

லீவர் ரொம்பக் கனமாக இருக்கிறது, கை வலிக்கிறது.

பெரும்பாலும் கேபிள்தான். கீழ் முனையைக் கழற்றிவிட்டு லீவரைப் பிடித்துப் பாருங்கள், அப்போதும் கனம் என்றால் கேபிளோ லீவர் போல்ட்டோதான் காரணம். லேசாகிவிட்டால் என்ஜின் பக்கத்துக் கை துருப்பிடித்திருக்கலாம், அல்லது யாரோ கனமான ஸ்பிரிங் போட்டிருக்கலாம். கீழே விழுந்து எழுந்த வண்டியென்றால் லீவர் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்படி ஓட்டினால் பிளேட் நிறைய நாள் வரும்?

லீவர் மேல் விரலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள், அந்த லேசான அழுத்தமே பிளேயைத் தின்று பிளேட்டைக் கருக்கும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட் பக்கம் போனால் அரைக் கிளட்சிலேயே ஊர்ந்து போவோம், அதைத் தவிர்க்க முடியாது, ஆனால் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு விட்டுப் பிடிப்பதைவிட முதல் கியரில் முழுக்க விட்டு மெதுவாக உருட்டுவது நல்லது. பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கும்போது கிளட்சைப் பாதி விட்டு வண்டியைத் தாங்கி நிறுத்துகிறார்கள், பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும். பிரேக் எதற்கு இருக்கிறது?

வார இறுதியில் பாண்டிக்கு வரும் வெளியூர்க்காரர்களின் வண்டிகளில் மூன்று பேர் ஏறி அதே மேம்பாலத்தில் முறுக்குவதும் பிளேட்டுக்குக் கேடுதான், அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் ஆக்டிவாவும் எக்ஸ்எல்லும் இருக்கிறது. அவற்றுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. ஸ்கூட்டரில் பெல்ட்டும், சுழற்சி வேகத்தில் தானாக விரிந்து பிடிக்கும் கிளட்சும் இருக்கிறது, அட்ஜஸ்ட் செய்ய லீவரும் இல்லை கேபிளும் இல்லை. இடது கையில் இருப்பது பின் பிரேக். டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் கிளட்ச் தானாகவே பிடிக்கும் வகைதான், அதனால்தான் மீன் கூடையை வைத்துக்கொண்டு முதுநகரிலிருந்து ஊர் ஊராகப் போகிறவர்கள் அதை விடுவதில்லை. இவற்றில் கிளம்பும்போது நடுக்கமோ, முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் வராததோ இருந்தால் கிளட்ச் ஷூவையும், ஸ்கூட்டர் என்றால் பெல்ட்டையும் ரோலரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் விடும்போது என்ன சொல்லி விட வேண்டும்?

"கிளட்ச் பார்த்துடுங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வழுக்குகிறதா இழுக்கிறதா, சூடானபின் வருகிறதா ஆறியிருக்கும்போதா, கடைசியாக எந்த ஆயில் ஊற்றியது, பிளே கூடிக்கொண்டே வருகிறதா குறைந்துகொண்டே வருகிறதா என்று இந்த நான்கையும் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கழற்றிய பழைய பிளேட்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கறுத்திருக்கிறதா, கனம் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். தரத் தயங்கினால் அடுத்த முறை வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள்.